படுத்துக் கிடந்த ராசா

கல்முனைக்கு நான் மாப்பிள்ளையாக வந்தவன். எங்கள் கரையில் பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவான். நான் பொத்துவிலில் இருந்து வந்தேன். பிள்ளைகள் பிறந்து அவர்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் தெருவில் என் பெயர் ‘பொத்துவில் மாப்பிள்ளை’தான். சந்தையில் இடம் விட்டு ஒதுங்குவார்கள், கந்தூரி விருந்தில் முன்னால் இருத்துவார்கள். ஆனால் தோளில் கை போட்டு ‘வாடா’ என்று இழுத்துக்கொண்டு போக அந்த ஊரில் எனக்கு ஆளில்லை.

வீட்டின் முன்னறையில் புடவைக்கடை. பின்னால் ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னால் வீடு. மாமி என்னுடன் நேரே கதைக்கமாட்டார். மருமகனோடு அப்படித்தான் அடக்கமாக இருப்பார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று என் மனைவிக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லுவார். “இண்டைக்குக் கடல் கலக்கமாம், மீன் இல்லையாம் எண்டு சொல்லு புள்ள” என்பார். பல நேரம் அந்தப் ‘புள்ள’ அங்கே இருக்கவேமாட்டாள். கிணற்றடியில் இருப்பாள்.

கடையில் எனக்குப் பிடித்தது வருகிறவர்களின் வாய்தான். துணி விற்கிறதோ இல்லையோ, நாலு நல்ல பேச்சுக் கிடைத்தால் அன்றைய பொழுது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஒரு கிழவி சீத்தைத் துணியை விரலால் உரசிப் பார்த்துவிட்டு, “இது ஒரு கழுவையோட மௌத்தாப் போயிடும் மனே” என்று திருப்பித் தந்தாள். மனிதர் செத்தால்தான் மௌத்து என்பார்கள், துணியும் மௌத்தாகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இப்படிப்பட்டதைக் கேட்டால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்ல ஒருவன் இருந்தான். என் கூட்டாளி.

அவன் எதிர்ப்பக்கத் தையல்கடைக்காரன். அவனும் வந்த மாப்பிள்ளை, ஏறாவூர்க்காரன். ஊருக்கு இரண்டு பேரும் விருந்தாளிகள் என்பதால் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர் ஆனோம். கலியாணத்துக்கு முன்னால் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தபோது சதுரங்கம் பழகியிருந்தான். எனக்குச் சொல்லித் தந்ததும் அவன்தான். அவனுடைய காய்ப்பெட்டியில் ஒரு கோட்டை தொலைந்திருந்தது. அந்த இடத்தில் நூல் தீர்ந்த கட்டை ஒன்றை நிறுத்தினோம். பார்வைக்கு அதுதான் உண்மையான கோட்டை மாதிரி இருந்தது.

துணி மூட்டையின் மேல் பலகையை வைத்து ஆடுவோம். எங்களுக்கு ஆட்டத்தைத் திறக்க ஒரே வழிதான் தெரியும். முதலில் ராசாவுக்கு முன்னால் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் தள்ளுவது. மற்றவனும் அப்படியே தள்ளுவான். உடனே பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் காலாளையும் இரண்டு கட்டம் தள்ளி, வெட்டு என்று எதிரியின் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைப்பது. சும்மா கொடுப்பது. ஏன் இப்படிக் கொடுக்க வேண்டும் என்று தொடக்கத்தில் நான் கேட்டேன்.

“ஊட்டுக்கு ஆள் வந்தா முதல்ல என்ன செய்வாய்?” என்றான்.

“இரிக்கச் சொல்லுவன்.”

“பொறகு?”

“திங்கக் குடுப்பன்.”

“அதான். திங்கிறவன் எழும்பி ஓடமாட்டான். அதுக்குள்ள நீ உன்ட ஆக்கள வெளியால எடு.”

அதற்கு நாங்கள் வைத்த பெயர் விருந்து. “இண்டைக்கு விருந்து வைக்கிறியா, பட்டினி போடுறியா?” என்றுதான் ஒவ்வொரு நாளும் தொடங்கும்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்குள் இருந்தது. பாங்கு சொன்னால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். அவன் தன் ராசாவைப் பலகையில் படுக்க வைப்பான். நான் என் ராசாவைப் படுக்க வைப்பேன். கை பிடித்துக் கைலாகு கொடுத்து எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போவோம். திரும்பி வந்து இருவரும் ராசாக்களை எழுப்பி நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஆட்டம். வீட்டில் யாரும் காய்களைத் தொடமாட்டார்கள். ராசாக்கள் படுத்திருந்தால் ஆட்டம் தூங்குகிறது என்று என் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இது எந்தச் சட்டம் என்று ஒருநாள் கேட்டேன். அவன் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டே சொன்னான்:

“நாம அவன்ட முன்னால நிக்கப் போறம். நாம அங்க நிக்கக்குள்ள இஞ்ச ஒரு ராசாவும் நிக்கப்படாது.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. துறைமுகத்தில் படித்ததா, அவனாகவே கட்டியதா என்று இன்றைக்கும் தெரியாது.

பிறகு சூறாவளி வந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டு. கரை முழுக்கத் தென்னைகள் தலையில்லாமல் நின்றன. கூட்டாளியின் மனைவி வீட்டுக் கூரை எங்கே போய் விழுந்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. கூரை போடுவதற்காக அவன் சவூதிக்குப் போனான். போகிற அன்று காய்ப்பெட்டியை என் கடையில் வைத்துவிட்டு, “நூல்கட்டையப் பவுத்திரமா வை” என்றான். அழவேண்டிய இடத்தில் அவன் எப்போதும் அப்படித்தான் ஏதாவது சொல்லுவான்.

அதற்குப் பிறகு நான் தனியாக ஆடத் தொடங்கினேன். இந்தப் பக்கம் ஒரு காயை நகர்த்தி, எழும்பிப் போய் அந்தப் பக்கம் இருந்து மறு காயை நகர்த்துவேன். தனக்குத் தானே விருந்து வைத்துத் தானே தின்பது எத்தனை நாளைக்கு இனிக்கும்? ஊரில் வேறு ஆள் தேடினேன். கரம் போட் அடித்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சதுரங்கம் என்றால் சிலர் மார்க்கத்துக்கு ஆகாது என்று முகத்தைச் சுளித்தார்கள், சிலர் பொறுமையில்லை என்றார்கள். யாராவது ஒரு நல்ல பேச்சுப் பேசிவிட்டுப் போனால் எதிர்க்கடையைப் பார்ப்பேன். அங்கே இப்போது சைக்கிள் டயர் தொங்கியது.

ஒருநாள் திரைச்சீலைக்குப் பின்னால் மாமியின் குரல் கேட்டது. “அந்தாள் ஆரோட விளையாடுறாரு புள்ள? மறுபக்கம் ஒருத்தரையும் காணல்லியே.” மனைவி உண்மையாகவே பக்கத்தில் நின்றாள் போலிருக்கிறது. “சும்மா இரிங்க உம்மா” என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. அந்த ‘சும்மா இரிங்க’தான் எனக்கு அதிகம் வலித்தது.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, தபால் கந்தோர்ச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு பாடசாலை மண்டபத்தில் சதுரங்கச் சுற்றுப்போட்டி. தோற்றவர் வெளியே, வென்றவர் அடுத்த ஆட்டத்துக்கு. நான் பெயர் கொடுத்தேன். கோப்பை வாங்கப் போகவில்லை. எனக்கு எதிரே ஒரு ஆள் வந்து இருப்பான், அது போதும். ஆட்டம் முடிந்ததும் அவனிடம் சொல்வதற்கு ஒரு வசனத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்: “வெள்ளிக்கிழமை கடை பூட்டு. பின்னேரம் வாங்களன், ஒரு ஆட்டம் போடுவம்.” சைக்கிளில் போகும்போது வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தேன். வென்றாலும் தோற்றாலும் இதைச் சொல்லாமல் வீடு திரும்புவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கலியாணக் களிசானைப் போட்டுக்கொண்டு போனேன். இடுப்பில் பிடித்தது. மண்டபத்தில் வங்கி உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், உயர்தர வகுப்பு மாணவர்கள். கதிரைகள் இழுபடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. எனக்கு வெள்ளைக் காய். எதிரே வந்தவர் என் வயதுக்காரர், ஆலையடிவேம்பிலிருந்து பஸ்ஸில் வந்து கல்முனையில் படிப்பிக்கும் தமிழ் மாஸ்டர். நெற்றியில் மெல்லிய திருநீறு, கதிரையோரத்தில் சாய்த்த குடை. எல்லாக் காய்களும் முழுசாக இருந்த பலகையில் ஆடுவது எனக்கு அதுதான் முதல் தடவை. நூல்கட்டை இல்லாமல் ஒரு மூலை வெறுமையாகத் தெரிந்தது.

ராசாவின் காலாளைத் தள்ளினேன். அவரும் தள்ளினார். மந்திரியின் காலாளைக் கொண்டுபோய் அவர் வாயருகில் வைத்தேன். மாஸ்டர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதட்டை அதிகம் அசைக்காமல், “சாப்பிடச் சொல்லுறீங்களோ?” என்றார்.

“ஓம், விருந்து” என்றேன்.

கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் திரிந்த நடுவர் எங்கள் மேசைக்கு வந்து, கதைக்கப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே காலாளை வெட்டினார். எத்தனை நாளைக்குப் பிறகு என் பேச்சுக்கு ஒருவர் சிரித்தார். அந்த இடத்திலேயே வசனத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

குதிரையை வெளியே எடுத்தேன். வெட்டின தன் காலாளைக் காப்பாற்ற அவர் பக்கத்துக் காலாளைத் தள்ளினார். நான் மந்திரியை எடுத்தேன். அவர் அந்தக் காலாளை இன்னும் ஒரு கட்டம் தள்ளி என் குதிரையின் கழுத்தில் கத்தி வைத்தார். குதிரை ஓடவேண்டிய நேரம். நான் ஓடவில்லை. ராசாவைக் கோட்டைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவிட்டு, குதிரையையும் தின்னுங்கள் என்று விட்டுவிட்டேன். இது கூட்டாளியும் நானும் பெருநாள் விருந்து என்று சொல்லுவது. மாஸ்டர் நெடுநேரம் யோசித்தார். குதிரையைத் தின்றார். என் ராணி பாய்ந்து வந்து நடுவில் நின்றது. அவருடைய ராசாவுக்கு முன்னால் வாசல் திறந்து கிடந்தது. என் ஆட்கள் எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள், அவருடைய ஆட்கள் இன்னும் வீட்டுக்குள்ளே. அவர் லேஞ்சியை எடுத்து முகம் துடைத்தார்.

அப்போது ளுஹருக்கு, மதியத் தொழுகைக்கு, பாங்கு சொன்னது.

மண்டபத்தில் வேறு முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகு தொழுவதற்கு நேரம் கிடந்தது. அவர்கள் தலையைத் தூக்கவில்லை. பிறகு தொழலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பாங்கு கேட்டால் கை தானாகப் போகும். என் ராசாவை எடுத்துப் பலகையில் படுக்க வைத்தேன். மாஸ்டரின் ராசாவைப் பார்த்தேன், அவர் படுக்க வைப்பார் என்று. அவர் அசையவில்லை. அடுத்தவர் ராசாவை நாம் தொடுவது மரியாதையில்லை என்று நான் காத்து நின்றேன். அவர் முகத்தில் ஒரு திகைப்பு வந்தது. மெதுவாக எழும்பிக் கையை நீட்டினார். நான் எங்கள் வழக்கப்படி இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சில் தொட்டு, சிரித்துவிட்டுப் புறப்பட்டேன். நல்ல மனிதர், கைலாகு கொடுக்கத் தெரிகிறதே என்று நினைத்தேன்.

தொழுது முடித்த பிறகு கையேந்தி அந்த வசனத்துக்காகத்தான் துஆக் கேட்டேன். வாய் தடுமாறாமல் வரவேண்டும், அவர் ஓம் என்று சொல்லவேண்டும்.

திரும்பி வந்தபோது எங்கள் மேசையில் இரண்டு மாணவர்கள் இருந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். காய்கள் எல்லாம் புதிதாக நின்றன. கரும்பலகையில் என் பெயருக்கு நேரே ஒரு முட்டை போட்டிருந்தது. நடுவரிடம் போய் என் ஆட்டம் எங்கே என்று கேட்டேன்.

“நீங்கதானே ராசாவச் சரிச்சீங்க. கையும் குடுத்தீங்க. மறுகா என்ன?” என்றார்.

“தொழப் போனன் சேர். தோக்கல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ராசாவைச் சாய்த்தால் தோல்வியை ஒத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம், உலகம் முழுக்க அதுதான் சட்டம் என்று பொறுமையாகவே சொன்னார். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு ஆட்டம் போனது பெரிதாகப் படவில்லை. மாஸ்டர் எங்கே என்று கேட்டேன். அவருக்கு அடுத்த ஆட்டம் நாளைக்குத்தான், பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்றார். பஸ் நிலையத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். அவர் ஊர்ப்பக்கம் போகும் அக்கரைப்பற்று பஸ் கிளப்பின புழுதி இன்னும் அடங்கவில்லை.

வீட்டில் தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். ராசா படுத்த கதையை யாரிடம் சொல்வது? அதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் சவூதியில் இருந்தான். “தோத்த ஆளுக்கும் வயிறு இரிக்கிதானே, சோத்தப் போடு புள்ள” என்று திரைச்சீலை சொன்னது. நல்ல பேச்சு. அதையும் சொல்ல ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையை மனைவியின் தம்பியிடம் விட்டுவிட்டு மறுபடி போனேன். உள்ளே போக வெட்கமாக இருந்தது. பாடசாலைப் படலையோரம் நிழலில் நின்றேன். மதியத்துக்குச் சற்று முன்னால் மாஸ்டர் குடையோடு தனியாக வெளியே வந்தார். அவரும் தோற்றிருந்தார். என்னைக் கண்டதும் நடை நின்றது. நான் தயார் பண்ணின வசனத்தைத் தொடங்குமுன் அவர், எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையிலேயே என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார்.

“நானா, நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனா?”

எனக்கு விளங்கவில்லை.

“சாப்பிடச் சொல்லுறீங்களோ எண்டு பகிடிக்குத்தான் கேட்டனான். அதுக்குக் கோவிச்சிட்டீங்களோ எண்டு இருந்திச்சு. உங்கட கையில இருந்த ஆட்டம். அதப் போட்டுட்டுச் சிரிச்சுக்கொண்டு போறீங்க. வீட்ட போயும் எனக்குச் சோறு இறங்கல்ல.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மூட்டை, பாங்கு, படுக்கிற ராசா, கூட்டாளி சொன்ன காரணம். மாஸ்டர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்ப என்ட ராசாவையும் நான் படுக்க வச்சிருக்கோணும்” என்றார்.

“ஓம் மாஸ்டர். வைப்பீங்க எண்டுதான் பாத்துக்கிட்டு நிண்டன்.”

“இப்ப அந்த ஆட்டம் இன்னம் தூங்குதோ?”

அந்த நேரம் என் வசனம் முழுக்க மறந்துவிட்டது. வெள்ளி, கடை, பூட்டு என்று மூன்று சொல் வந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வந்தார். கடைக் கதவில் இரண்டு பலகையை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். நூல்கட்டையைப் பார்த்ததும், இவர் எந்த நாட்டுக் கோட்டை என்று கேட்டார். அன்று மண்டபத்தில் நின்ற இடத்திலேயே காய்கள் ஒவ்வொன்றையும் அவர் ஞாபகத்திலிருந்து வைத்தார், ஒன்றுகூடப் பிசகவில்லை. திரைச்சீலை அசைந்து தட்டில் இரண்டு கிளாஸ் பிளேன்டி வந்தது. என் கடைக்குள் இரண்டு கிளாஸாகத் தேத்தண்ணி வந்து எத்தனையோ காலம்.

ஆடிக்கொண்டிருக்கும்போது பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. நான் அவர் கையைப் பார்த்தேன். மாஸ்டர் தன் ராசாவை முதலில் படுக்க வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“போயிற்று வாங்க நானா. நான் இருக்கிறன்.”

தொழுது திரும்பும்போது தெருவிலிருந்தே கடைக்குள் தெரிந்தது. இரண்டு பலகை திறந்த இடைவெளியில் அவர் மடியில் கை வைத்து இருந்தார். காய்களைத் தொடவில்லை, எட்டியும் பார்க்கவில்லை. பிறத்தியார் வீட்டில் இருக்கிறவர் எப்படி இருப்பாரோ அப்படி. நான் உடனே உள்ளே போகவில்லை. எனக்காக ஒருவர் காத்திருப்பதைச் சற்றுநேரம் தெருவில் நின்று பார்த்தேன்.

அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன். கொடுத்த விருந்தெல்லாம் அவர் உடம்பில் ஒட்டியிருந்தது. என் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். இனி ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது ராசாவைச் சாய்க்கக் கை போனது, பாதியில் நின்றது. அந்தப் பலகையில் ராசாவைப் படுக்க வைத்தால் தோல்வி ஆகாதே.

“தோத்துட்டன் மாஸ்டர்” என்று வாயால் சொன்னேன்.

“உங்கட கடையில அப்படித்தான் சொல்லோணும்” என்றார். கையை நீட்டினார். இரண்டு கையாலும் பிடித்தேன்.

பிறகு பல வெள்ளிக்கிழமைகள் வந்தார். எங்கள் விருந்துக்குப் புத்தகத்தில் கிங்ஸ் கேம்பிட் என்று பெயர் இருப்பதை அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, விருந்துதான் நல்ல பெயர் என்றும் சொன்னார். கடையில் கேட்ட பேச்சுகளை அவருக்காகச் சேர்த்து வைப்பேன். சீத்தை மௌத்தான கதையை அவர் தன் மனைவியிடம் போய்ச் சொல்ல, மனைவி இன்னொரு தரம் கேட்டு வரச் சொன்னாராம். பாடசாலைத் தவணை முடிகிற காலத்தில் ஒரு வெள்ளி குடையை மடக்காமல் வாசலில் நின்றார். மலைநாட்டுப் பக்கம் இடமாற்றம். குடும்பத்தோடு போக வேண்டும், சாமான் கட்ட வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிறது. இரிங்க என்றேன். “இருந்தா எழும்பமாட்டன் நானா” என்றார்.

அடுத்த வெள்ளி பழக்கத்தில் பலகையை விரித்தேன். பழக்கத்தில் கதவுப்பலகை இரண்டை எடுத்துக் கடையைத் திறந்தேன். திரைச்சீலை அசைந்தது. தட்டில் இரண்டு கிளாஸ்.

“அந்த மாஸ்டர் இண்டைக்கு வரல்லியா எண்டு கேளு புள்ள.”

மனைவி கிணற்றடியில் துணி அலம்புகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“இனி வரமாட்டாரு மாமி” என்று நான் திரைச்சீலைக்கே சொன்னேன். முன்னே ஒருநாளும் அப்படி நேரே சொன்னதில்லை. மிஞ்சின கிளாஸை எடுத்துப் போகத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கை வரவில்லை.

அசருக்குப் பாங்கு சொன்னது. இரண்டு ராசாவையும் நானே படுக்க வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. என் கிளாஸை என் பக்கம் இருந்து குடித்தேன், ஆறிப்போயிருந்தது. பிறகு எழும்பிப் போய் அந்தப் பக்கம் இருந்து மற்றதையும் குடித்தேன்.